அக்கா அணைக்காத எஞ்சின்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவாள். கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம், இப்படிக் கிளம்புகிறவர்களை என்ன செய்வது?

தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் அவளுடைய கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரே ஒரு விதி எழுதியிருக்கும்: ‘சந்தேகம் வந்தால் முதலில் ஆஃப் பண்ணு.’ ஓடுகிற மோட்டாரின் சத்தம் துளி மாறினாலும் அவள் கை சுவிட்சுக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மோட்டாரைக்கூட அவள் கருக விட்டதில்லை. மனிதர்களிடமும் அதே விதிதான். யாராவது ஒரு வார்த்தை மட்டமாகப் பேசினால் அக்கா டக்கென்று ஆஃப் ஆகிவிடுவாள். பத்து நாளைக்குப் பேச்சு இருக்காது. அந்தப் பத்து நாள்களை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஊர் ஏரியில் பயணிகள் படகு விடும் படகுத்துறையில் மெக்கானிக் ஆகவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் போய்க் கேட்டாள். “பம்பு பாக்கறது வேற, படகு பாக்கறது வேறம்மா” என்று அங்கிருந்த சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். மறுவார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்த வருடம் அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்டார்கள். நான் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். எனக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் சண்டைக்கும் எனக்கும் நல்ல சம்பந்தம் உண்டு. சூப்பர்வைசர் அதே வசனத்தை அப்படியே ஒப்பித்தார். அக்கா வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். நான் மேஜையில் கையை ஊன்றினேன்.

“வேற வேறன்னா எப்படி சார் வேற? ஒரு வேலை குடுத்துப் பாத்தீங்களா?”

என்னை எப்படியாவது வெளியே அனுப்ப வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் வழியாகப் பின்பக்கக் கொட்டகையைக் காட்டினார். “அங்க ஒரு ஜெட் போட் ஒன்பது வருஷமா கிடக்கு. அடுத்த மாசக் கடைசி சனிக்கிழமை அத வெட்டிப் போட ஆள் வருது. அன்னிக்குக் காலையில அத எதிர்க்கரைக்கு ஓட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வாங்க. வேலை உங்களுக்குத்தான்.”

பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கொட்டகையில் தார்ப்பாயை விலக்கியதும் எனக்கு மனசு விட்டுப்போனது. தரைப்பலகை கையால் பிய்க்கிற அளவுக்கு உளுத்திருந்தது. எஞ்சின் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. சீட்டில் ஒரு செடி முளைத்து, பூ வேறு விட்டிருந்தது. அக்கா இது எதையும் பார்க்கவில்லை. மல்லாந்து படுத்து, டார்ச்சோடு படகுக்கு அடியில் ஊர்ந்து போனாள். எதையோ தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

“டேய், இது படகே இல்லடா. பம்பு!”

“என்னக்கா சொல்ற?”

“வெளிய ஃபேன் எதுவும் இல்ல பாரு. அடியில சல்லடை வழியா தண்ணிய உறிஞ்சுது. உள்ள இம்பெல்லர் சக்கரம் சுத்துது. பின்னாடி வாய் வழியா பீச்சி அடிக்குது. அந்த வேகத்துல படகு முன்னாடி போகுது. வாயத் திருப்பினா படகு திரும்புது. இத்தன வருஷமா நான் என்னடா பண்ணிட்டு இருக்கேன்?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

படகு ஏன் நின்றுபோனது என்பதையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். எஞ்சினிலிருந்து வரும் தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் ஒரு கயிறு சுற்றி இறுக்கியிருப்பார்கள். யாரோ அதைக் கண்மண் தெரியாமல் முறுக்கியிருந்தார்கள். தண்டு சூடாகித் தேய்ந்து, அப்படியே பிடித்துக்கொண்டது.

“இந்த எடம் சொட்டணும்டா. நிமிஷத்துக்கு நாலு சொட்டு சொட்டினாத்தான் தண்டு உயிரோட இருக்கும். படகுக்குள்ள தண்ணி வருதேன்னு பயந்து, முறுக்கி முறுக்கியே கொன்னுருக்காங்க.”

அதன்பிறகு ஐந்து வாரம் எங்களுக்குச் சோறு தண்ணி நினைவில்லை. அக்கா கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்துவிடுவாள். தண்டைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினாள். இம்பெல்லரின் நசுங்கிய ஓரங்களை அரம் போட்டு ராவினாள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கோந்து மாதிரி உறைந்திருந்தது. நான் தரைக்குப் புதுப் பலகை அடித்தேன், விரிசல்களுக்குக் கண்ணாடி நார் ஒட்டினேன், சிவப்பு ரெக்சினில் சீட் தைத்தேன். இரட்டைத் தையல், என் பெயர் சொல்லும் வேலை.

ஒருநாள் வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் கணவர் ஆசையாக மூடியைத் திறந்தார்.

“என்ன பொரியுது?”

“பேரிங்” என்றாள் அக்கா. சூடேற்றினால்தான் அது தண்டில் ஏறுமாம். மாமா மூடியை மூடிவிட்டு வெளியே சாப்பிடப் போய்விட்டார்.

கடைசி வாரம் வியாழக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்கினோம். சாவியின் முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது! பின்னால் வெள்ளைத் தண்ணீர் பீறிட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். அக்கா குனிந்து தண்டைப் பார்த்தாள். நிமிஷத்துக்கு நாலு சொட்டு. “சொட்டுதுடா!” என்று கத்தினாள். உலகத்திலேயே படகு ஒழுகுவதற்காகச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

திரும்பி வரும்போதுதான் வினை. துறையின் மரத்தூண் ஒன்று நேர் எதிரே வந்தது. அக்கா ஸ்டியரிங்கை ஒடித்தாள், கூடவே பழக்கதோஷத்தில் எஞ்சினை ஆஃப் பண்ணினாள். படகு அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. தூணை நூலிழையில் உரசிக்கொண்டு நேராகப் போய்க் கோரைப்புல்லுக்குள் செருகி நின்றது. நான் ஸ்டியரிங்கைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன். அக்கா வாய் திறக்கவில்லை. போச்சு, பத்து நாள் என்று நினைத்தேன்.

“தப்பு கேபிள்ல இல்லடா” என்றாள் கடைசியில். “தண்ணி பீச்சினாத்தான் இது திரும்பும். ஆஃப் பண்ணிட்டு திரும்புன்னா எங்க திரும்பும்?”

இடுப்பளவு சேற்றில் நின்று, சல்லடையில் சிக்கிய புல்லை எல்லாம் பிடுங்கினோம். வெள்ளிக்கிழமை முழுக்க, தண்ணீரில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனை மிதக்கவிட்டு, அதை நோக்கி ஓட்டிப் பழகினாள். கேன் கிட்டே வரும்போது வேகம் கொடுத்துத் திரும்ப வேண்டும். பத்துத் தடவையில் ஆறு தடவை அவள் கை சாவிக்குத்தான் போனது.

“புத்திக்குத் தெரியுது, கை கேக்க மாட்டேங்குது” என்றாள்.

சனிக்கிழமை காலை மிதவை அங்கி மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் என் சிவப்பு சீட்டில் உட்கார்ந்தார். கொட்டகை வாசலில் வெட்டுகிற ஆள்கள் வண்டியோடு வந்து காத்திருந்தார்கள். அக்கா வேகம் கூட்டும் லீவரைத் தள்ளினாள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது! காற்று முகத்தில் அறைந்தது. எதிர்க்கரை எப்போது வந்தது, எப்போது திரும்பினோம் என்றே தெரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பாதி தூரம் திரும்பியிருப்போம். நின்றிருந்த பெரிய பயணிகள் படகின் மறைவிலிருந்து ஒரு மிதிபடகு எங்கள் முன்னால் வந்தது. உள்ளே கணவனும் மனைவியும். இரண்டு பேரும் மிதிப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

“குறை, குறை, வேகத்தக் குறை!” என்று சூப்பர்வைசர் அலறினார்.

“அக்கா, ஆஃப் பண்ணு!” எல்லாம் தெரிந்த நானே அப்படித்தான் கத்தினேன்.

அவள் கை சாவிக்குப் போனது. என் கண்ணால் பார்த்தேன். விரல் சாவியைத் தொட்டது. பிறகு அங்கிருந்து விலகி, லீவரைப் பிடித்து முன்னால் தள்ளியது. எஞ்சின் அலற, மறு கை ஸ்டியரிங்கை ஒடித்தது. படகு அப்படியே சாய்ந்து வளைந்தது. எழும்பிய தண்ணீர் மிதிபடகின் மேல் மழையாகக் கொட்டியது. நனைந்த மனைவி கைதட்டினாள், கணவன் திட்டினான். சீட்டை இறுகப் பிடித்திருந்த என் கையில் இரட்டைத் தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்து வந்திருந்தது.

துறைக்கு வந்து கயிற்றைக் கட்டினோம். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்தபடி கரையேறினார்.

“பரவால்லம்மா, நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. மேல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லி அனுப்பறேன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அவளுடைய டூல்ஸ் பை காலடியில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் பையைத் தொடவில்லை.

“ஓட்டிக் காட்டினா வேலைன்னு சொன்னீங்க சார். ஓட்டிக் காட்டிட்டேன். திங்கட்கிழமை எத்தன மணிக்கு வரணும்?”

அவர் ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொட்டகை வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அக்கா அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“எட்டு மணிக்கு வந்துடுங்க” என்றார்.

“சரிங்க சார்” என்றாள் அக்கா. அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.