வாசலில் கழற்றிய சப்பாத்து

ஓம், அதே சப்பாத்துத்தான்! பிரதீஸ் பொய் சொல்லவில்லை. சைவப் பொடியன், வேதக்காரரின் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கே ஏறிப்போய்ச் சத்தியம் பண்ணினான். இந்தத் தொண்ணூற்று நாலு ஆவணியில், இதே பலெர்மோவில் நடந்தது.

அவனுடைய காதலி செலஸ்ரீனா மன்னார்ப் பெட்டை, வேதக்காரி. லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார எசமானி, வீட்டில் தங்கி வேலை. “சைவக்காரனைக் கட்டினா எனக்குத் தங்கச்சியே இல்லை” என்று அண்ணன் ஸ்ரான்லி சொல்லிவிட்டான். வீட்டுக்குள் ஓர் ஆணைக் கண்டால் சிஞ்ஞோராவும் துரத்திவிடுவா. வேலை போனால் இங்கே இருக்கிற பெர்மெஸ்ஸோ, விசாவும் போச்சு. ஆனாலும் வியாழன் மத்தியானம் சிஞ்ஞோரா கடலுக்குப் போனதும் பிரதீஸ் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டான். கையில், இரண்டுபேரும் சேர்ந்து பார்க்க ஒரு வீடியோப் படக் கொப்பி.

ஜப்பான் யுத்தப் படம். அதில் சிப்பாய்களுக்குப் பெயரே கிடையாது, இலக்கம்தான். விடிந்தால் சார்ஜன்ட் வரிசையில் நிறுத்திக் கன்னத்தில் அறைவான். பளார்... பளார்... ஒருத்தன் மட்டும் முகாமைவிட்டு நழுவி, உடுப்புத் தோய்க்கும் பெண்ணிடம் போவான். காலடி கேட்காமலிருக்கப் பூட்ஸைக் கதவடியில் கழற்றி வைப்பான். சார்ஜன்ட் அதைக் கண்டுவிடுகிறான்...

செலஸ்ரீனா துள்ளி எழும்பினாள்.

“உம்மடை சப்பாத்து எங்கை?”

“வெளியிலை... வாசலிலை.”

“விசரா உமக்கு? இஞ்சை ஆர் வாசலிலை சப்பாத்துக் கழட்டுறது?”

“பழக்கதோசமப்பா!”

டிவியை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

சப்பாத்தைக் காணவில்லை.

அந்த இடத்தில் ஒரு சோடி பூட்ஸ். பழசு. பட்டாளத்துப் பூட்ஸ். முனை கதவைப் பார்த்தபடி. சொட்டச் சொட்ட ஈரம்... வெளியே கொளுத்துகிற வெயில்.

பளார்.

டிவியில் இல்லை. படியில்.

பளார்... இரண்டாம் மாடி.

லிஃப்ட் கடகடத்தது. சிஞ்ஞோரா!

பிரதீஸ் குசினிக்குள் பாய்ந்தான்.

“செலஸ்ரீனா! வாசலெல்லாம் ஏன் தண்ணி?”

அவ்வளவுதான் கேட்டா. பூட்ஸும் இல்லை, சப்பாத்தும் இல்லை. வெறுங்கால் தடம் மட்டும்... படியிறங்கிப் போயிருந்தது.

பிரதீஸ் பின்படியால் நழுவி, கால் வெந்து வெந்து வியா மக்வேதாத் தெரு வரைக்கும் ஓடினான்.

அடுத்த வியாழன் சப்பாத்து வந்திருந்தது. செலஸ்ரீனாவின் கட்டிலுக்குக் கீழே. புதுச் சப்பாத்து... வருசக்கணக்காக நடந்த மாதிரி அடி தேய்ந்து ஓட்டை.

கட்டடத்து வாசற்காவல்காரியிடம் மெல்ல விசாரித்தாள். அவ சிலுவை போட்டுக்கொண்டா. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் முகாமிலிருந்து தப்பிய ஒரு சிப்பாயை அந்த மூன்றாம் மாடி வேலைக்காரி ஒளித்து வைத்திருந்தாளாம். வாசலில் கழற்றிய பூட்ஸ்தான் காட்டிக்கொடுத்ததாம். அறைந்து அறைந்து, படிநெடுக வெறுங்காலோடு இழுத்துப்போனார்களாம்.

வாற ஞாயிறு பிரதீஸ் ஸ்ரான்லியிடம் பெண் கேட்கப் போகிறான்.

“அந்தச் சப்பாத்தையே போட்டுக்கொண்டு போம். சிஞ்ஞோராவின்ரை கண்ணிலை படாமல் ஒளிச்சு எங்களைக் காப்பாத்தினவன் தந்தது” என்கிறாள் செலஸ்ரீனா.

“ஐயோ, நான் வெறுங்காலோடை போறன்!”

ஆனால் வெறுங்காலோடு போன அந்தச் சிப்பாய் திரும்பி வரவில்லையே... சொல்லுங்கள், போடலாமா, கூடாதா?