லாபத்துக்கு அடுத்தது இரண்டு

மணிமங்கலத்தில் பாண்டுரங்கனை லாரி டிரைவர் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். தப்பு அவனுடையதுதான். “இன்னா வேலை பாக்கற?” என்று கேட்டவர்களிடம் “டிரைவர் எழுதறேன்” என்று சொல்லிவைத்தான். எழுதுகிற சமாசாரம் காற்றோடு போய்விட்டது, டிரைவர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. டீக்கடை அப்பாவு அவன் தலையைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா பாண்டு, வண்டி ஸ்டார்ட் ஆச்சா?”

“ஆவுது, ஆவுது.”

“ஒரு வருசமா ஆவுதேப்பா. தள்ளிவுட ஆளு அனுப்பட்டா?”

சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவான். தாம்பரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மறைமலை நகரில் ரகுபதியின் கம்ப்யூட்டர் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஆனால் அப்பாவுவின் கேலி மட்டும் ஒட்டாமல் உள்ளே இறங்கியிருக்கும். வண்டி உண்மையிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை.

ரகுபதி வெளியிலிருந்து பாகங்களை வரவழைத்துக் கம்ப்யூட்டர் பூட்டி விற்கிறவர். பூட்டினால் மட்டும் போதாதே, அதை எழுப்பி நடத்த அடிப்படைச் சிஸ்டம் ஒன்று வேண்டும். வெளிநாட்டுச் சிஸ்டத்துக்கு மெஷினுக்கு மெஷின் காசு. அந்தச் சமயத்தில்தான் பாண்டுரங்கனின் காலேஜ் சிநேகிதன் சுப்பிரமணி, ஃப்ளாப்பிகளில் ஒரு சின்னச் சிஸ்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் திறந்து கிடந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைத் திருப்பி அனுப்பினால் அதுவும் அதோடு சேர்ந்துகொள்ளும். பாண்டுரங்கனுக்கு இது நம்பமுடியாத அதிசயமாக இருந்தது. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு வயர் பற்றவைக்கச் சேர்ந்தவன் அவன்.

அதிசயத்தில் ஒரே குறை. ரகுபதியின் மெஷின்களில் ஹார்ட் டிஸ்கை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் கார்டு ஒன்று உண்டு. அந்தக் கார்டின் பாஷை இந்தச் சிஸ்டத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பதுதான் டிரைவர். “நான் எழுதறேன் சார்” என்று பாண்டுரங்கன் வாய்விட்டுவிட்டான். “எழுது” என்றார் ரகுபதி.

கார்டுக்கு ஒழுங்கான விளக்கப் புத்தகம் இல்லை. ஒரு கட்டளை கொடுத்தால் அது பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக்கூடத் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தான். முந்தினால் கார்டு ஊமையாகிவிடும், பிந்தினால் டிஸ்க் ஒரு சுற்று தாண்டிப் போய்விடும். ஒரு மழைக்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. வீட்டில் சோறு முன்னால் இருக்க, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவனை ரொம்பக் குழப்பியது பூஜ்யம். கம்ப்யூட்டரில் எதையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும் என்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாதபோது எப்படி எண்ணிக்கை தொடங்கும்? ஒருநாள் பஸ்ஸில் சட்டென்று பிடிபட்டது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். ஒன்றுக்கு முன்னால் உள்ளது லாபம். அப்படியானால் லாபம்தான் பூஜ்யம்! அன்றைக்கே புரோகிராமின் தலைப்பில் இங்கிலீஷ் எழுத்தில் ‘LABAM’ என்று அடித்து, அதன் மதிப்பு பூஜ்யம் என்று போட்டுவிட்டான்.

டெஸ்டிங்கில் இருந்த கிரேசி எட்டிப் பார்த்தாள். “ஆரம்பத்துலயே லாபமா? ஓனர் பாத்தா சந்தோசப்படுவாரு அண்ணா.”

டிஸ்கின் ஒவ்வொரு வட்டத்திலும் பதினேழு அறைகள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் எழுத்து வைக்கலாம். லாபம் என்ற அறையைக் கேட்டபோது கார்டு ‘அப்படி ஒரு அறை இல்லை’ என்றது. ஏதோ முரண்டு என்று நினைத்து, லாபம் வந்தால் முதல் அறைக்கே அனுப்பிவிடு என்று ஒரு வரி சேர்த்தான். முரண்டு அடங்கியது. எல்லா அறைகளிலும் ஒரே எழுத்தை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தான். ஒரு பிழையில்லை. தைப் பொங்கல் முடிந்த வாரம் அது. ஷெட்டில் லட்டு வந்தது.

ரகுபதி அவன் தோளில் கை போட்டார். “திங்கக்கிழமை பால் சொசைட்டி ஆளுங்க மெஷின் பாக்க வர்றாங்க. நம்ம சிஸ்டத்துலயே ஓட்டிக் காட்டிடலாமா?”

“காட்டிடலாம் சார்.”

“ஓடிச்சுன்னா இனிமே எல்லா மெஷின்லயும் இதான். ஓடலன்னா அந்த வெளிநாட்டுச் சரக்கையே வாங்கிப் போட்டுட்டு நான் நிம்மதியா இருப்பேன். இதுக்கு மேல என்னால தாங்க முடியாதுப்பா.”

அன்றைக்கே தன் வேலை முழுவதையும் ஃப்ளாப்பிகளிலிருந்து டிஸ்குக்கு ஏற்றினான். ஃப்ளாப்பிக்கு அந்த ஷெட்டில் எப்போதும் பஞ்சம். அதே ஃப்ளாப்பிகளை அழித்து, டிஸ்கிலிருந்து புதிதாக நகல் எடுத்து வைத்தான். ஜாக்கிரதைக்காரன் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் கிரேசி கூப்பிட்டாள்.

“அண்ணா, உங்க புரோகிராம் சொன்னதயே திருப்பிச் சொல்லுது.”

“இன்னா சொல்ற?”

“எங்க பாஸ்டர் மாரி. ஒரு பத்தி வருது, மறுபடி அதே பத்தி வருது. அதுக்கு முன்னாடி இருந்ததக் காணோம்.”

குனிந்து பார்த்தான். திரையில் அவன் எழுதிய வரிகள் இரண்டிரண்டாக நின்றன. கொஞ்சம் கீழே போனால் சரியாக இருக்கும், மறுபடியும் ஒரு இடத்தில் இரட்டிப்பு. ஃப்ளாப்பியைப் போட்டான். நகலிலும் அச்சாக அதே ஓட்டைகள். காத்திருக்கும் நேரத்தை எழுதிவைத்திருந்த பகுதியைத் தேடினான். அந்த இடத்தில் அடுத்த பகுதிதான் இருமுறை இருந்தது.

“பழைய ஃப்ளாப்பி இருக்குதில்ல?” என்றாள் கிரேசி.

அவன் மெஷினிலிருந்த ஃப்ளாப்பியை உருவி எடுத்தான். பழைய ஃப்ளாப்பிதான் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் மில்லுக்கு அனுப்ப நெல் அளந்துகொண்டிருந்தார்கள். அவன் மனைவி சின்னப்பொண்ணு மரக்காலால் மொண்டு மொண்டு கோணியில் கொட்டினாள். பாண்டுரங்கன் வாசற்படியில் உட்கார்ந்து, அந்தக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று நினைவைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“லாபம்…” என்றாள் சின்னப்பொண்ணு. முதல் மரக்கால் விழுந்தது. “ரெண்டு… மூணு…”

அவன் நிமிர்ந்தான்.

“இன்னான்னு எண்ணின?”

“நெல்லு எண்ணறேன். ஏன், நீங்க எண்றீங்களா?”

“லாபத்துக்கு அப்பறம் இன்னா?”

“ரெண்டு.”

“ஒண்ணு எங்க?”

சின்னப்பொண்ணு மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “லாபந்தாங்க ஒண்ணு. லாபமும் சொல்லி ஒண்ணும் சொன்னா ஒரு மரக்கா எங்கருந்து வரும், ஆகாசத்துலருந்தா? உடம்பு கிடம்பு சரியில்லியா?”

அவனுக்கு உடம்பு சரியாகத்தான் இருந்தது, தலைதான் சுற்றியது. பிறந்ததிலிருந்து கேட்ட எண்ணிக்கை. அதில் லாபம் ஒன்றுக்கு முன்னால் வரவே இல்லை, ஒன்றின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. டிஸ்கின் அறைகளும் அப்படித்தான், ஒன்றிலிருந்து தொடங்குபவை. அவனோ லாபம் என்றும் ஒன்று என்றும் இரண்டு பேரை வரவழைத்து, ஒரே அறைக்கு அனுப்பியிருக்கிறான். முதலில் போனவனை அடுத்து வந்தவன் அழித்துவிட்டான். டிஸ்க் முழுவதும், வட்டத்துக்கு வட்டம். சோதனை போட்டபோது எல்லா அறையிலும் ஒரே எழுத்து. யார் யாரை அழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பூஜ்யத்தை ஒன்றாக்கினால் போதும். ஒரு எழுத்துதான். ஆனால் திருத்தி உயிர்ப்பிக்க முழுப் புரோகிராம் வேண்டும், புரோகிராமில் ஓட்டை, ஓட்டைக்குள் அந்த மழைக்காலம்.

“ஏங்க, கணக்கு வுட்டுப்போச்சு,” என்றாள் சின்னப்பொண்ணு. “மறுபடி மொதல்லருந்து அளக்கணும், உங்களால.” கோணியைக் கவிழ்த்தாள்.

அவளால் மறுபடி அளந்துவிட முடியும் என்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை வழியில் பஸ் பஞ்சர். அவன் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, டை கட்டிய ஒருவர் அவனுடைய மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுச் சிஸ்டத்தை விற்கிறவர். டிஸ்க் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வட்டமாக வழித்துத் துடைக்கும் சத்தம் அவனுக்குத் தெரியும்.

“கிரேசி சொன்னா, எல்லாம் காணாப்போச்சுன்னு,” என்றார் ரகுபதி. கோபம்கூட இல்லை அவரிடம். “சொசைட்டி ஆளுங்க பத்தரைக்கு வராங்கப்பா.”

“தப்பு இன்னான்னு கண்டுபுடிச்சிட்டேன் சார். ஒரே ஒரு நம்பர்.”

“அப்ப மாத்து.”

“மாத்தறதுக்கு… நடு நடுவுல கொஞ்சம் போயிடுச்சு சார். ரெண்டு வாரம் குடுத்தீங்கன்னா—”

“பாண்டு.” அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயும் உன் புரோகிராமும் ஒண்ணுப்பா. ரெண்டும் சொன்னதயே திருப்பிச் சொல்லுது.”

கிரேசி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேலி அவளுடையதுதான். அவர் காதுக்கு அது எப்படிப் போயிற்று என்று அவன் கேட்கவில்லை.

பால் சொசைட்டி மெஷினைப் பார்த்தது, வாங்கியது. பாண்டுரங்கனைக் கீபோர்டு சோதிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். வேலையில் குறையில்லை. ஒவ்வொரு விசையாக அழுத்தி, திரையில் சரியான எழுத்து விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளம் அதேதான். ஓட்டை விழுந்த ஃப்ளாப்பிகளைக் கிரேசி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவற்றைப் போட்டுப் பார்க்க அவனிடம் மெஷின் இல்லை, ஷெட்டிலோ அவனுக்குச் சோதிக்கத் தந்திருந்த கார்டு ரகுபதியின் பீரோவுக்குள் போய்விட்டது.

சுப்பிரமணி இரண்டு தடவை வந்து கேட்டான். “குடுத்தீன்னா நம்ம சிஸ்டத்தோட சேத்துருவேன்டா. உன் பேரு போட்டு.”

“ஆவுதுடா,” என்றான் பாண்டுரங்கன், டீக்கடையில் சொல்கிற அதே குரலில்.

மறு தையில் நெல் வந்தது. சின்னப்பொண்ணு மரக்காலை எடுத்தாள். அவன் வாசற்படியில்தான் இருந்தான். வாயைத் திறந்தவள், அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் மரக்காலைச் சத்தமில்லாமல் கொட்டினாள். “ரெண்டு” என்று இரண்டாவதிலிருந்துதான் குரல் கேட்டது.