அருவாளைக் கத்தியாக்கியவள்

நான் வலைப்பூ எழுதுகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் ஆசிரியர் அறையில், "அது என்ன பூ டீச்சர், முழம் என்ன விலை?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். 2008இல் கம்பத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்கிச் சொல்லி மாளாது.

கம்பத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை நான். வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்டதும் பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவேன். திரை போட்ட தடுப்புக்குள் உட்காரமாட்டேன். போகிற வருகிற ஆளெல்லாம் பார்க்கிற மாதிரி வாசலோரம் இருந்த கணினிதான் எனக்கு. பால் ஏன் திரிகிறது, சோப்பு ஏன் நுரைக்கிறது, எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று வீட்டில் தாளில் எழுதிக்கொண்டு போவேன். மின்வெட்டு வருவதற்குள் தட்டி ஏற்றிவிட வேண்டும். புனைபெயரில் எழுதியதால் பின்னூட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் என்னை "சார்" என்றே அழைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை. சாருக்குக் கிடைக்கிற மரியாதை டீச்சருக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு நினைப்பு.

பயம் அப்போதே உண்டு. ஒவ்வொரு பதிவையும் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. எங்கேயாவது ஒரு மேதாவி வந்து, இந்த வாக்கியம் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவானோ என்று அடித்துக்கொள்ளும். ஆனால் அது முழுக்க என் மானத்தைப் பற்றிய பயம். என் பதிவை நம்பி யாராவது ஒரு காரியம் செய்வார்கள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை.

அந்த வருடம் போர்டோ கலவையைப் பற்றி எழுதினேன். எங்கள் பக்கம் திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டித் துளிர் விட்டதிலிருந்து பிஞ்சு பிடிக்கிறவரை பூஞ்சை நோய்க்கு அடிக்கிற மருந்து அது. மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டை ஒரு வாளியிலும் சுண்ணாம்பை இன்னொரு வாளியிலும் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலப்பார்கள். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க அருவாளை அதில் முக்கி எடுப்பார்கள். அலகு செம்பு நிறத்தில் சிவந்தால் துத்தம் மிச்சமிருக்கிறது, அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். சிவக்காவிட்டால் அடிக்கலாம். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள் செய்கிற இந்தச் சோதனைதான் நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிப் போடுகிறது. இரும்பு கரைகிறது, செம்பு அதன்மேல் படிகிறது. எழுதும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரே ஒரு இடத்தில் நின்றேன். படிக்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் அருவாளுக்கு எங்கே போவார்கள்? எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பதுதானே என் கொள்கை. தாளில் இருந்த அருவாளை அடித்துவிட்டு, "ஒரு கத்தியை முக்கிப் பாருங்கள்" என்று தட்டினேன். நல்ல திருத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், பாவி.

மூன்று வாரம் கழித்து ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. பெங்களூரில் கணினி வேலை பார்க்கிற ஒருவர். சொந்த ஊர் சுருளிப்பட்டி. அப்பா போன வருடம் இறந்துவிட்டார், அம்மா தனியாகப் பந்தலைப் பார்க்கிறார். மருந்து கலக்குகிற வேலையெல்லாம் அப்பாவோடு போயிற்று என்பதால், இவர் என் பதிவைப் படித்துத் தொலைபேசியில் வரிவரியாகச் சொல்ல, அம்மா கலந்திருக்கிறார். "கத்தியை முக்கிப் பார்த்தோம் சார், பளபளவென்றுதான் இருந்தது. ஆனாலும் இலையெல்லாம் கருகிவிட்டது, பிஞ்சும் கருகிவிட்டது. எங்கே தப்பு செய்தோம்? இந்த வெள்ளாமையும் வரவில்லை என்றால் அம்மாவால் முடியாது, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று சித்தப்பா சொல்கிறார்."

படித்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அடுப்படிக் கத்தி, எவர்சில்வர். அதன் மேல்தோல் இரும்பைக் கரையவிடாது, செம்பும் படியாது. பழைய சுண்ணாம்பாக இருந்திருக்கும், வீரியம் போதாமல் துத்தம் மிஞ்சியிருக்கும், கத்தி காட்டிக்கொடுக்கவில்லை. எவர்சில்வரைப் பற்றித் தனிப் பதிவே போட்ட புண்ணியவதி நான்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ப் பழைய பதிவைத் திறந்தது. "கத்தியை" அழித்துவிட்டு, "இரும்பு அருவாளை முக்கிப் பாருங்கள், எவர்சில்வர் கத்தி உதவாது" என்று மாற்றி ஏற்றினேன். வலைப்பூவில் அது ஒரு வசதி. அச்சடித்த புத்தகம் என்றால் அடித்தல் தெரியும், பிழைத்திருத்தம் ஒட்ட வேண்டும். இங்கே அதே பதிவு, அதே தேதி, முதலிலிருந்தே அப்படித்தான் எழுதியிருந்த மாதிரி நிற்கும். அதன் பிறகு அவருக்குப் பதில் போட்டேன்: இரும்பில் பார்த்தால்தான் தெரியும், நீங்கள் எவர்சில்வரில் பார்த்திருப்பீர்கள் போலிருக்கிறது. அது பொய் இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அவருடைய பதில்: "மறுபடி படித்தேன். தெளிவாக இரும்பு அருவாள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எவர்சில்வர் கூடாது என்றுகூடச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத்தான் கத்தி என்று மனதில் பதிந்திருக்கிறது. ஒரு வரியை ஒழுங்காகப் படித்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை. மன்னியுங்கள் சார்."

அதற்குக் கீழே வேறு இருவர் அவரைக் கேலி செய்திருந்தார்கள். படிக்கத் தெரியாதவன் எல்லாம் விவசாயம் பார்த்தால் இப்படித்தான் என்று ஒருவர். தப்பு என்னுடையது என்று அந்த இடத்திலேயே ஒரு வரி தட்டியிருக்கலாம். விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது. நேரமாகிவிட்டது, மின்சாரம் போய்விடும், நாளைக்குப் பொறுமையாக எழுதுவோம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்கு என்பது ஒரு வாரம் ஆயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. வகுப்பில் இரும்பும் செம்பும் வருகிற பாடத்தைத் தள்ளிப்போட்டேன். ஆசிரியர் அறையில் யாராவது சுருளிப்பட்டி என்றாலே காது அடைத்தது. கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அதான் சரி பண்ணிட்டீல்ல, விடு. ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எதுக்கு இம்புட்டு ரோசனை?" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் வந்த கோபம்.

மறுநாள் தைரியம் வந்து பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அவருடைய பின்னூட்டங்கள் இரண்டும் இல்லை. எழுதியவரே நீக்கிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் கிடந்தது. கேலி பொறுக்காமல் அழித்துவிட்டுப் போயிருக்கிறார். மின்னஞ்சல் கிடையாது, முழுப் பெயர் கிடையாது. அவரை அடைய எனக்கு மிச்சம் இருந்தது சுருளிப்பட்டி என்கிற ஊர்தான்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். சுருளிப்பட்டி உரக்கடையில் கேட்டதுமே வழி சொல்லிவிட்டார்கள். மருந்தடித்துக் கருகின தோட்டம் என்றால் அந்த ஊரில் அப்போது அது ஒன்றுதான்.

பந்தலுக்குக் கீழே நிழலே இல்லை. இலைகள் ஓரம் சுருண்டு, பழுப்பாக, தொட்டால் நொறுங்குகிற மாதிரி தொங்கின. பட்டாணி அளவுப் பிஞ்சுகள் கறுத்திருந்தன. அந்த அம்மா ஸ்டூலில் ஏறி நின்று, கருகின கொத்துகளைக் கத்தரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் கம்பத்திலிருந்து வருகிற டீச்சர் என்றதும் இறங்கி வந்து, இங்கன உட்காருங்க என்று அதே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மகன் படித்தது நான் எழுதியது என்றேன். கத்தி என்றுதான் எழுதியிருந்தேன், தப்பு தெரிந்ததும் அருவாள் என்று மாற்றிவிட்டேன், மாற்றினதைச் சொல்லவில்லை என்றேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. எழுதினதை அழித்தால் தடம் தெரியாதா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் தெரியாது என்றேன். கத்தரியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்:

"நம்ம வீட்டு அடுப்படிக் கத்திதான் டீச்சர். அவுக இருந்தப்ப அருவாள முக்குனத நானும் தூரத்துலருந்து பாத்திருக்கேன். ஏலே, உங்கப்பா அருவால்ல வச்சிருந்தாகன்னு அவன்ட்ட கேட்டேன். இல்லம்மா, கத்தின்னுதான் போட்டிருக்கு, படிச்சவுக எழுதுனதுன்னான். அதுக்கு மேல நான் பேசல."

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள், அடுத்த கவாத்துக்கு நானே வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"போன வாரம் புதன்கெழமையே எழுதிக் குடுத்தாச்சு. கொழுந்தனார் சொல்லி நான் கேக்கல. எம்மகன்தான் குடுத்துரும்மான்னான். ஒரு வரியப் படிச்சுச் சொல்லத் தெரியல, என்னை நம்பி இனி நீ எதையும் செய்யாதன்னு போன்ல அழுதான். இப்பல்லாம் போனு எடுக்குறதும் இல்ல." கூடையைக் காட்டினார். "அடுத்தவுகளுக்குக் குடுக்கயில சுத்தமாக் குடுக்கணும்ல. அதான் இதுகள எடுக்கேன்."

போன வாரம் புதன்கிழமை என்றால் நான் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து, நாளைக்கு எழுதுவோம் என்று எழுந்து வந்ததற்கு மறுநாளுக்கு மறுநாள்.

மகனுடைய எண்ணைக் கேட்டேன். அவர் தன் தொலைபேசியிலேயே போட்டுக் கொடுத்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தான். நான் யார் என்று சொல்லி, நடந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சேனா?" என்று கேட்டான்.

"சரியாத்தான் படிச்சீங்க தம்பி. ஒரு எழுத்துகூட மாத்திச் சொல்லல."

பெரிதாக மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதப் போன வாரம் சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றான், கொடுத்தேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே பந்தலுக்குள் தள்ளிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நடந்தது அத்தனையும் அந்தப் பதிவின் தொடக்கத்திலேயே எழுதினேன். கத்தி என்றுதான் இருந்தது, கேட்டவர் சரியாகப் படித்தார், நான்தான் அழித்து எழுதினேன் என்று போட்டேன். நான் சார் இல்லை, டீச்சர் என்பதையும் போட்டேன். கல்லெறிவார்கள் என்று நடுங்கிக்கொண்டு மறுவாரம் போய்த் திறந்தேன். பக்கம் பக்கமாகப் பின்னூட்டம். உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன் டீச்சர், இதுவல்லவா அறிவியல் மனப்பான்மை, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்று ஆளாளுக்குப் பாராட்டியிருந்தார்கள். அவனைக் கேலி செய்தவர்கூட வந்து என்னைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தோட்டம் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.