மார்த்தீன் வெயில்

கிராசியெத்துக்கு மின்சாரம் என்றால் சுவரில் இருக்கிற ஓட்டை. செருகினால் வரும், பிடுங்கினால் நிற்கும். அறுபது வயது தாண்டும்வரை அதற்குமேல் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாடகை வீட்டைக் கோடையில் வருகிறவர்களுக்கு விடப்போவதாக வீட்டுக்காரர் சொல்ல, அவளும் கணவர் அதெலீனுவும் பழைய வெள்ளை வேன் ஒன்றில் குடியேறினார்கள். அதன் பிறகுதான் சுவர் என்பதே எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குத் தெரிந்தது.

சினெஷ் துறைமுகத்துக்குத் தெற்கே, எங்கள் ஆறு கடலில் சேரும் இடத்தில், பைன் தோப்பின் ஓரமாக அந்த வேன் நின்றது. எதிரே மணலில் ஒரு காப்பிக்கடை. நான் அங்கே பரிமாறுகிறவன். அதிகம் பேசமாட்டேன், அதனால்தானோ என்னவோ, கிராசியெத் என்னிடம் எல்லாவற்றையும் பேசினாள்.

அதெலீனு தாமிரச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தின் தூசி மேலே வந்த பிறகும் அவரை விடவில்லை, நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கைப்பை அளவுதான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அது ஓடினால் அதெலீனு வம்பளப்பார், கால்பந்தாட்டக்காரர்களின் குடும்பத்தையெல்லாம் இழுப்பார். நின்றால் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிடும், ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுப்பதுபோல.

டவுனில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற லியோனெல்தான் கூரையில் சோலார் தகடு போட்டு, கட்டிலுக்கடியில் பழைய பேட்டரி ஒன்றை வைத்துக் கொடுத்தான். அன்று நானும் இருந்தேன். வயதான பெண்களை மரியாதையாக 'தோனா' என்பது எங்கள் வழக்கம்.

"தோனா கிராசியெத், நல்லாக் கேட்டுக்குங்க. உங்களுக்கு நாலு அம்மா. மேல வெயிலு, முன்னால எஞ்சின், காப்பிக்கடை பிளக்கு, கையில காசிருந்தா ஜெனரேட்டரு. நாலு பேரும் பால் குடுக்கிறது இந்த ஒத்தப் பிள்ளைக்கு," என்று பேட்டரியைத் தட்டினான். "உங்க வீட்டுக்காரர் குடிக்கிறது இந்தப் பிள்ளைகிட்ட இருந்துதான்."

"நாலு அம்மா வளத்த பிள்ளை உருப்பட்டதா எங்கடா பாத்திருக்க?" என்றார் அதெலீனு.

"நீ சும்மா இரு மனுஷா. சொல்லு லியோனெல்."

"பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. இறங்கினா உடனே ஏத்திருங்க." அவனுடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் பிறந்தது உள்நாட்டில், வெயில் சமவெளியில். அங்கே வீட்டுக்கு வீடு முற்றத்துக்கடியில் மழைநீர்த் தொட்டி. ஆகஸ்டில் வற்றிப் பல்லி ஓடும். அக்டோபர் மழையில் நிறையும். காலியாகக் கிடந்ததால் எந்தத் தொட்டியும் கெட்டதில்லை. பேட்டரியையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் காத்திருக்கலாம்.

கோடை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. வெயில் கொட்டியது. போதாத நாளில் எங்கள் கடையிலிருந்து நீள வயர் ஒன்று மணலைத் தாண்டிப் போகும். முதலாளியம்மா கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவாள். அதெலீனு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அலையில் சறுக்குப் பலகையோடு விழுகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்.

அக்டோபர் கடைசியில் கடையை மூடினோம். மெயினை அணைத்து, குளிர்காலத்துக்கு வெளியூர் போகும் முதலாளியம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வயரைச் சுருட்டும்போது கிராசியெத் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஈஸ்டர் வரைக்குமா, தம்பி?"

"ஈஸ்டர் வரைக்கும்."

"சரி," என்றாள். ஏதோ நான் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னதுபோல.

பிறகு மழை பிடித்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் துணி. கூரைத் தகட்டில் தண்ணீர் ஓடியதே தவிர வேறொன்றும் இறங்கவில்லை. எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தாள். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தரைப்பலகை வழியாக உள்ளே ஏறிய புகையில் அதெலீனு இருமி இருமிச் சுருண்டுவிட்டார். அவள் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தாள். அதுவும் புகை கக்கும் என்று, ஜெனரேட்டர் என்ற பேச்சையே அதற்குப் பிறகு அவள் எடுக்கவிடவில்லை. ஒரு பிற்பகல், கட்டிலுக்கடியில் இருந்த பேட்டரி அடியோடு தீர்ந்து, கருவி கத்தி நின்றது.

கருவிக்குள்ளேயே சின்ன பேட்டரி ஒன்று உண்டு. தினம் காலையில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்கு நடப்பாள். அங்கே சார்ஜ் ஏறும்வரை வெங்காய மூட்டைப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். கொண்டுவந்து மாட்டினால் இரண்டு மணி நேர மூச்சு கிடைக்கும்.

"இன்னிக்கு ரெண்டு மணி நேரத்தை வெச்சு என்ன பண்ணப்போற?"

"உன்னைத் திட்டணும். நேத்து பாதியில நின்னுபோச்சு," என்பார் அதெலீனு.

ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருக்கிற பெண் ஒருத்தி போன் செய்தாள். டவுன் முதியோர் இல்லத்தில் ஆண்கள் பக்கம் ஒரு கட்டில் காலியாம், தலைமாட்டிலேயே பிளக். மனைவிக்கு இடமில்லை.

"அங்க போட்டா அடுத்தது நேரா பொட்டிதான்," என்றார் அதெலீனு.

"போட மாட்டேன். மார்த்தீன் வரட்டும்."

புனித மார்த்தீன் திருநாளையொட்டி வெயில் வரும் என்பதில் எங்கள் பக்கம் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தவருக்காக நவம்பரில் வானம் விலகும். அதை நம்பிக் கூரை வேலையைத் தள்ளிப்போடுவார்கள், அழுக்குப் போர்வைகளைச் சேர்த்துவைப்பார்கள். நானும் அவளிடம், "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றேன். அதைச் சொல்லாதவர் ஊரில் இல்லை.

வெயில் வந்தது. திருநாளன்று காலையிலேயே, துடைத்துவைத்த பித்தளைபோல. மளிகைக்கடை உட்பட எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஊரே மணலுக்கு இறங்கியது. தீ மூட்டிக் கஷ்கொட்டை சுட்டார்கள். புது ஒயின் குடங்களில் வந்தது. கிராசியெத் ஏணி போட்டு ஏறி, வினிகர் தொட்ட துணியால் தகட்டை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தாள். மத்தியானம் ஆவதற்குள், பேட்டரி நிறைந்ததைக் காட்டும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அதுக்குள்ள நிறைஞ்சிருச்சு, பாத்தியா தம்பி!" அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

கருவியை மாட்டினாள். அதெலீனு இரண்டு கஷ்கொட்டை தின்று, சுட்டவனின் கையைக் குறை சொல்லி, ஒயினுக்குக் கிளாஸை நீட்டினார். ஊற்றி முடிப்பதற்குள் கருவி கத்தியது. பச்சை விளக்கு அணைந்திருந்தது. கழற்றிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி பச்சை. மறுபடி மாட்டினாள். மறுபடி கத்தல்.

தீயருகே நின்றிருந்த லியோனெலைக் கூட்டிவந்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தான். ஒயினில் சிவந்திருந்த அவன் முகம் மாறியது.

"எத்தனை நாளா காலியா கெடந்துச்சு?"

"மழை புடிச்சதுல இருந்து. வெயில் வந்ததும் ஏத்திக்கலாம்னு..."

"ஐயோ, தோனா கிராசியெத்! காலியா விட்டா செத்துப்போயிரும். உள்ள இருக்கிற ஈயத் தகடெல்லாம் கல்லாயிரும்."

"நிறைஞ்சிருச்சுன்னு காட்டுச்சே?"

"கொள்ளுறதுக்கு எடமில்ல. எடமில்லாததுதான் சீக்கிரம் நிறையும்."

"தொட்டி காலியாக் கெடந்தா செத்தா போகும்?"

"எந்தத் தொட்டி?" என்றான் அவன். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. "கடையில பழசு ஒண்ணு இருக்கு. சார்ஜ் ஏத்தி நாளைக்குக் கொண்டாறேன்."

நாளை வரைக்கும் தாங்கவில்லை. மாலைக்கு முன்பே அதெலீனுவின் உதடுகள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. ஆம்புலன்ஸ்காரர்கள் மணலில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, தீயைச் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். வெயில் எல்லோர் முகத்திலும் அழகாக விழுந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் கட்டிலுக்குத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராசியெத் பஸ் பிடித்துப் போய்வருவாள். ஒருமுறை நானும் போனேன். கருவி சுவரோடு செருகப்பட்டு இடைவிடாமல் ஓடியது. உதடுகளில் நல்ல நிறம் இருந்தது. எதிரே தொலைக்காட்சியில் பந்தாட்டம் நடந்தது. கோல்காரன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான். அதெலீனு ஒன்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ம்."

"குளிருதா?"

"இல்ல. சூடாத்தான் வெச்சிருக்காங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ கெளம்பு, பஸ் போயிரும்." பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.

நாங்கள் போய்வந்த மறுநாள் லியோனெல் பேட்டரியைக் கொண்டுவந்தான். சொன்னதற்குச் சில வாரம் தள்ளி, ஆனால் கூலி வேண்டாம் என்றுதான் வந்தான். வேன் வாசலில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"நல்ல பேட்டரி. முன்னது மாதிரி இல்ல. மாட்டிக் குடுத்துடறேன்."

"எதுக்கு, லியோனெல்?"

"எதுக்கா? வெளக்குக்கு, ரேடியோவுக்கு... குளிர்காலம் பூரா கெடக்கே."

கிராசியெத் வேனுக்குள் ஏறினாள்.

"எனக்கு மூச்சு சும்மாவே வருதுப்பா," என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அவன் தட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் திரும்ப அவன் வண்டியில் ஏற்றினோம்.