ராட்டின நம்பர்

ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலின் வாடை மற்றவர்களுக்கு நாற்றம். எனக்கோ அது கணக்கின் வாசனை, ஏனென்றால் திண்டுக்கல்லில் ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மும்தாஜின் வீடு அவளுடைய அத்தா வேலை பார்த்த, தோல் பதனிடும் ‘தோல்ஷாப்பு’க்குப் பின்னால் இருந்தது, பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் அதன் சுற்றுச்சுவரில்தான் கரித்துண்டால் பெருக்கிக்கொண்டிருப்போம்.

நயா பைசா புதிதாக வந்து, பள்ளிக்கூடமெல்லாம் தசமக் கணக்காகக் கிடந்த காலம் அது. ஒன்றை ஏழால் வகுக்கச் சொன்ன டீச்சர், “மூணு ஸ்தானம் போதும், நிறுத்துங்க” என்றார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற பிறவியா மும்தாஜ்? புள்ளிக்குப் பிறகு 142857 வந்தது, மறுபடியும் 142857 வந்தது, பக்கம் தீர்ந்தும் கணக்குத் தீரவில்லை. அந்த ஆறு இலக்கத்தை மட்டும் சுவருக்குக் கொண்டுவந்து இரண்டால் பெருக்கினோம்: 285714. மூன்றால்: 428571. அதே ஆறு பேர், அதே வரிசை, முதலில் நிற்பவர் மட்டும் வேறு. திருவிழாவில் சுற்றுகிற ராட்டினம் மாதிரி இருக்கவே அவள் அதற்கு ‘ராட்டின நம்பர்’ என்று பேர் வைத்தாள். ஆறு வரைக்கும் அழகாகச் சுற்றியது. ஏழால் பெருக்கினால், 999999.

“செத்துப்போச்சுடி” என்று கரித்துண்டை வீசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கோடை லீவோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். “பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிச்சது போதும் தாயி” என்றார் அவள் அம்மா. என் வீட்டிலும் இதே பேச்சுதான். எனக்காகச் சண்டை போட ஓர் அண்ணன் இருந்தான், அவளுக்கு இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் பொழுது போகாமல் அந்த ராட்டின நம்பரை எட்டால் பெருக்கினேன். 1142856. இதென்ன கண்றாவி என்று அழிக்கப் போனவள், முன்னால் துருத்திக்கொண்டு நின்ற ஒன்றைப் பிடித்து மிச்சத்தோடு கூட்டினேன். 142857! ஒன்பதால் பெருக்கி அதேபோல் கூட்டினால் இரண்டின் விடை. ராட்டினம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தது.

மூச்சிரைக்க ஓடினேன். மும்தாஜ் இல்லை.

“அவ மாமிக்குப் புள்ள பொறந்திருக்கு தாயி, ஒத்தாசைக்கு வேலூர்ப் பக்கம் அனுப்பிருக்கோம். என்னான்னு சொல்லு, வந்தா சொல்றேன்.”

“எட்டுல திரும்பி வந்துருச்சுன்னு சொல்லுங்கம்மா.”

“யாரு தாயி, எங்க போயிருந்தாக?” என்றார் அவர்.

அவள் திரும்பி வரவில்லை. அத்தாவுக்கும் அந்தப் பக்கமே வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது.

இன்று அந்தத் தெருவில் வாடை இல்லை, தோல்ஷாப்பும் இல்லை, நாங்கள் கரியால் கிறுக்கிய சுவரையும் இடித்துவிட்டார்கள். கைபேசியில் அந்த நம்பரை எட்டால் பெருக்கத் தட்டினால் கண்ணிமைப்பதற்குள் விடை வந்து நிற்கிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இதை நான் சொல்லலாம், இதோ உங்களுக்கும் சொல்லிவிட்டேன். கண்டுபிடித்தவளுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. எங்கே இருக்கிறாளோ, அது ஏழிலேயே செத்துப்போனது என்றுதான் மும்தாஜ் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.