தண்ணீர் சிவப்பாக வந்த துளை

மண் ஆய்வு வேலையில் முப்பது வருடம் இருந்தேன். மலையில் துளை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ‘போர் லாக்’ தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பொய் எழுதிய ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஒரு மலைச் சரிவு. மேலே தடுப்புச் சுவர் கட்டப் போகிறார்கள். கீழே ஒரு வரிசை வீடுகள். துளை போடத் தண்ணீர் வேண்டும். கடைசி வீட்டு லெட்சுமி அக்கா தன் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

“தம்பி, மழ பேஞ்சா எங்களுக்குத் தூக்கமே இல்ல. பாகான் டாலாம்ல ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம். மேல கல்லு கெட்டியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க லா. இல்லன்னா மாறிடறோம்.”

பினாங்கு மலை கருங்கல் மலை. ஆனால் கருங்கல்லும் மட்கும். காலம் காலமாக மழைநீர் விரிசல்களில் இறங்கி, கல்லைச் சிவப்பு மண்ணாக்கிவிடும். கல்லின் மூலைகளை நீர் இரண்டு மூன்று பக்கத்திலிருந்து அரிப்பதால் அவை முதலில் போகும். நடுவில் மட்டும் உருண்டையாகக் கெட்டிக் கல் மிஞ்சும், குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு மாதிரி. துளை அதில் முட்டினால் மலையின் அடிப்பாறை என்றே தோன்றும். அதனால்தான் கல் தட்டிய பிறகும் ஐந்து மீட்டர் துளைத்து, உள்ளே இருப்பதை உருளையாக வெட்டி ‘கோர்’ எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள்.

எட்டாவது மீட்டரில் கல் தட்டியது. துளையிலிருந்து திரும்பி வந்த தண்ணீர் சாம்பல் நிறமானது. இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை, ரிக் என்னும் துளை இயந்திரத்தை ஓட்டும் மணியம் அண்ணன் அதை நிறுத்தினார்.

“தம்பி, தண்ணி செவப்பா வருது பாரு. கல்லு முடிஞ்சிருச்சு, கீழ மண்ணு. இது வெறும் குண்டுக்கல்லு லா.”

மேலாளருக்குப் போன் செய்து, மணியம் அண்ணன் சொன்னதைச் சொல்லி, இன்னும் கீழே போக வேண்டும் என்றேன்.

“ரிக் நாளைக்குக் காலையில கெப்பாலா பத்தாஸ் சைட்ல நிக்கணும். கல்லு தட்டிருச்சில்ல? பாறைன்னு எழுதிட்டு எறங்கு. மணியம் என்ன இன்ஜினியரா?”

எழுதினேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. ஹோஸைச் சுருட்டும்போது அக்கா வந்து கேட்டார்.

“பாறைதான்க்கா. பயப்படாம தூங்குங்க” என்றேன்.

சுவரின் அடித்தளம் அந்தக் குண்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தது. மூன்றாம் வருட மழையில் கல்லுக்கு அடியிலிருந்த மண் வழுக்கி, கல்லும் சுவரும் சேர்ந்து கடைசி வீட்டின் மேல் விழுந்தன. அக்கா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் கணவர் வீட்டில் இருந்தார். உடலை எடுக்க இரண்டு நாள் ஆனது.

விசாரணையில் மேலாளர் ‘எதிர்பாராத மழை’ என்றார். அறிக்கையும் அதையே எழுதியது. மழையாம்! அந்த மலையில் மழை எந்த வருடம் பெய்யாமல் இருந்தது? மேலாளருக்குப் பிறகு பதவி உயர்வு கிடைத்தது. என் தாளை யாரும் சந்தேகிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நின்றேன்.

“நீங்க பாறைன்னு சொன்னீங்கன்னு அவருகிட்ட சொன்னேன் தம்பி. அன்னிக்கே அந்த பாகான் டாலாம் வீட்ட வேணாம்னு சொல்லிட்டாரு. அப்புறம் மழ பேஞ்சாகூட நல்லா தூங்குனாரு.”

தண்ணீர் சிவப்பாக வந்தால் சிவப்பு என்று எழுதுங்கள். வேலை போனால் போகட்டும். நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன், ஓய்வு பெறும் நாள்வரை.