சடங்குக்கு வராத மாமா

மாலை ஏழு மணிக்கு, மலேசியாவின் பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் நான் முதலில் பார்த்தது, நடிகையின் முகத்தருகே ஈரத்துணியை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்மணியை.

"மை கூடிப்போச்சும்மா, கொஞ்சம் தொடைச்சிக்கோ."

"மை இல்ல லா அக்கா. எங்கப்பா கொடுத்த கலரு."

நடிகை இளம்பெண். அப்பா நைஜீரியர், மறைந்த அம்மா இந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பெண். அந்தக் கல்யாணத்தோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போனது. தன் வாழ்க்கையைத் தானே நாடகமாக எழுதி, தனியாக நடிக்க வந்திருந்தாள். நான் பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

திரை இடுக்கு வழியாக முன்வரிசையைக் காட்டினாள். "நீலச் சட்டை போட்டிருக்காரே, அவருதான் என் தாய்மாமா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. இன்னிக்கு நேராவே கேக்கப்போறேன்."

நாடகத்தின் நடுவில் மேடை விளிம்புக்கு வந்தாள். அவரைப் பார்த்தே கேட்டாள்.

"மாமா, நான் வயசுக்கு வந்தப்ப சீர் கொண்டுவர வேண்டியவரு நீங்க. அம்மா பொழுதுக்கும் வாசல்லயே நின்னாங்க. ஏன் மாமா வரல?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். அடுத்த வசனத்தை அவள் எழுதியிருக்கவில்லை; அது அவர் சொல்ல வேண்டியது.

"அடேங்கப்பா, என்னா நடிப்பு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மண்டபமே கைதட்டியது. ஒரு கேள்வியைக் கைதட்டியும் ஒதுக்கிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமாவும் எழுந்து நின்று கைதட்டினார்.